மூன்றாவது பூ

நெடுங்கல்பட்டி சோணைசாமி கோயிலில், உண்டியலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறார்கள். 'இவ்வாலயம் எழும்பக் காரணமாயிருந்த ஜனாப் பீர் முகமது அவர்களுக்கு ஊர் மக்களின் நன்றி' என்று அதில் வெட்டியிருக்கும். மதுரையிலிருந்து வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு நெகிழ்ந்து போவார்கள். சோணைசாமி கோயிலில் ஒரு பாய்க்குக் கல்வெட்டா, இதுவல்லவா நம்ம மண் என்பார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் போட்டோகூட எடுத்துப்போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மனுஷனை நோகடிக்க வேண்டும் என்று ஊர் கூடித் திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது. செய்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

பீர் முகமதுவுக்கு ஸ்டவ் ரிப்பேர் தொழில். காஜிமார் தெருவில் வீடு, வீட்டில் மனைவி நஜ்முன்னிசா. நாங்கள் திருநகரில் குடியேறிய எழுபத்திரண்டில் கேஸ் அடுப்பு ஏது? எல்லார் வீட்டிலும் மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்தான். அது எப்போது எரியும், எப்போது காலை வாரும் என்று யாருக்கும் தெரியாது. பாய் சைக்கிளில் வருவார். கேரியரில் மரப்பெட்டி, ஹேண்டில்பாரில் காக்கிப் பை. கை வாஷரை மாற்றிக்கொண்டிருக்கும், வாய் ஊர்க்கதையை அளந்துகொண்டிருக்கும். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் ஒருத்தர் பேசினால் எரிச்சல்தான் வரவேண்டும். பாய் பேசினால் வராது. என் வீட்டுக்காரர் அனந்தராமன் ஸ்டவ்வோடு மல்லுக்கட்டி, பர்னர் அடைப்பைக் குத்தியெடுக்கிற பின்னை முறித்து வைத்திருப்பார். "பேங்க்ல பேனாவையும் இப்பிடித்தான் முறிப்பாரா, தங்கச்சி?" என்று பாய் கேட்பார்.

திருநகரை முடித்துக்கொண்டு கப்பலூர் வழியாகக் கிராமங்களுக்குப் போவார். அந்த வழியில்தான் நெடுங்கல்பட்டிக் கோயில்காடு இருந்தது. கோயில்காடு என்றால் அப்போது கோயில் கிடையாது, காடு மட்டும்தான். சுற்றிலும் பொட்டல். நடுவில் நாலு பக்கமும் கொடி பின்னி, உள்ளே நுழைந்தால் வெயில் விழாத மரக்கூட்டம். ஒரு பெரிய உசிலை மரத்தடியில் ஒரு நட்டகல், அதுதான் சோணைசாமி. சாமிக்குக் கூரை ஆகாது. மழையோ வெயிலோ, வானத்துக்குக் கீழேதான் அது நிற்கும். எப்போதோ ஓலை வேய்ந்து பார்த்தார்களாம், தானாகத் தீப்பிடித்துக்கொண்டதாம். காட்டுக்குள் செருப்புப் போட்டுப் போகக்கூடாது. காய்ந்து விழுந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. இந்த வழக்கத்தை ஊரில் யாரும் மீறியதில்லை. இந்த வறண்ட தரையில் இப்படிக் கோடாலி படாத காடு இனி பார்க்கவே கிடைக்காது என்று காலேஜ் வாத்தியார் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

பாய்க்கு அந்த விவரமெல்லாம் கிடையாது. மரத்தின் பேரைக் கேட்டால் மரம் என்பார். ஒரு கத்திரி வெயிலில் சைக்கிள் மிதித்து, கண் இருட்டி அந்தக் காட்டு ஓரத்தில் விழுந்திருக்கிறார். உள்ளே இழுத்துப் படுக்கவைத்து ஊருணித் தண்ணீரைத் தெளித்தவர் அந்தச் சாமிக்குப் பூசாரி, காளை என்று பேர். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு அங்கேதான். நஜ்முன்னிசா கட்டிக்கொடுத்த தூக்குச்சட்டியைத் திறந்து, சாப்பிட்டு, ஒரு ஓரமாகத் தொழுதுவிட்டுக் கண்ணசருவார். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற இடம், உள்ளே உருவமும் கிடையாது, தனக்கு வேற்று இடமாகவே படவில்லை என்பார்.

அங்கேதான் தேவாங்கைப் பார்த்திருக்கிறார். பொழுது சாயும் நேரத்தில் கொப்பில் உட்கார்ந்து ரெண்டு கண்ணையும் உருட்டியிருக்கிறது. அதைப் பார்த்தால் காரியம் விளங்காது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். "நான் செய்யிற யாவாரத்துல இனிமே என்னத்த விளங்காமப் போறது?" என்று சிரித்தார். அதன்பிறகு அவர் வந்தால் முதலில் தேவாங்கு சமாச்சாரம்தான், அப்புறம்தான் ஸ்டவ். குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு போச்சு, வெட்டுக்கிளியை ரெண்டு கையாலும் பிடித்துத் தின்றது என்று சொந்தக்காரர் வீட்டு விசேஷம்போலச் சொல்வார். எங்களுக்கும் பழகிப்போய், இன்றைக்கு தேவாங்கு எப்படி இருக்கு பாய் என்று கேட்க ஆரம்பித்தோம்.

எண்பதில் ஒருநாள் பாய் வந்து, பெட்டியைத் திறக்காமல் வாசலில் உட்கார்ந்துவிட்டார். கோயில்காட்டு மரங்களுக்கு வெள்ளைப் பெயின்டில் நம்பர் போட்டிருக்கிறார்கள் என்றார். ஒரு நூல் மில்லுக்காரர் ஷெட் கட்ட இடம் கேட்டிருக்கிறார். புறம்போக்கு நிலம்தானே, கொடுக்கலாம் என்று முடிவாகிவிட்டது. மரங்களை ஏலம் விடப்போகிறார்கள்.

அவர் மாதிரி ஓடினவரை நான் பார்த்ததில்லை. ரிப்பேருக்குப் போன வீட்டிலெல்லாம் உட்கார்ந்து பேசினார். ஸ்டவ்வைப் பிரித்துப் போட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டால்தான் மூட்டுவேன் என்று எங்கள் தெருவையே மிரட்டினார். எங்கள் வீட்டில் வைத்து ஒரு கமிட்டி உண்டானது. நான், என் வீட்டுக்காரர், நெடுங்கல்பட்டி ஊர்த்தலைவர் அம்பலம் வீரணன், பூசாரி காளை, பாய். டி. கல்லுப்பட்டி காந்தி ஆசிரமத்திலிருந்து ரெண்டு பேர் வந்து எங்களோடு காட்டைச் சுற்றிச் சத்தியாக்கிரகமாக உட்கார்ந்தார்கள். பாய் தொழிலையே விட்டுவிட்டார். நஜ்முன்னிசா என்னிடம் வந்து, மரத்துக்குச் சோறு போடுற ஆள் வீட்டுக்குப் போடலையே அக்கா என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளே எங்கள் எல்லாருக்கும் தேங்காய்ச்சோறு கட்டி அனுப்பினாள். அந்தக் குடும்பம் அப்படி.

ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினோம். ஓர் அதிகாரி, போகிற மரத்துக்கு வேறு இடத்தில் கன்று நட்டுத்தருவதாகச் சொன்னார். பாய் தேவாங்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும், அது இருக்கிற இடம் உருப்படுமா என்று பேச்சை வெட்டினார். கடைசியில் பெரிய அதிகாரியிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், கேட்டுக்கொண்டார், நில வரைபடத்தை மேஜையில் விரித்தார்.

"கோயில்ங்கிறீங்க. படத்துல கோயில் இல்லையே. கட்டடம் எங்க?" என்றார்.

சாமிக்குக் கூரை ஆகாது, அதுதான் வழக்கம் என்று என் வீட்டுக்காரர் விளக்கினார்.

"கூரை இல்லாததை நான் எப்பிடிக் கோயில்னு எழுதுறது? ஒரு கட்டடம் இருந்துச்சுன்னா நான் ஏன் சார் கை வைக்கப் போறேன்? நானும் சாமி கும்பிடுறவன்தான்."

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். வீரணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பாய் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே ஏதோ யோசித்தார். திடீரென்று முகம் மலர்ந்துவிட்டது. ரிப்பேர் ஆகாது என்று விட்ட ஸ்டவ் குப்பென்று நீலமாக எரியும்போது அவருக்கு அப்படி ஒரு முகம் வரும்.

"அப்பக் கட்டடத்தக் கட்டிருவோம்ண்ணே. அம்புட்டுத்தான?" என்றார்.

சாமிக்கு ஆகாதே என்று காளை இழுத்தார். சாமியிடமே கேட்டுவிடுவோம் என்றார் பாய். அந்த ஊரில் எதையும் பூக் கேட்டுத்தான் செய்வார்கள். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, ரெண்டையும் தனித்தனியாக இலையில் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். ஒருத்தர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். ஒரே தடவைதான் கேட்பது. சாமியிடம் மறுபேச்சு கிடையாது.

விடிந்ததும் ஊரே காட்டில் கூடியது. யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. பாய்தான் எடுக்க வேண்டும், அவருக்கு இந்த மண்ணில் ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஒரு பங்காளி கிடையாது, அவர் கைக்கு ஓரவஞ்சனை தெரியாது என்று வீரணன் சொன்னார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பாய் எடுத்தார். காளை பிரித்தார். சிவப்பு.

பாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏலத்துக்குத் தேதி குறித்திருந்தார்கள், வேறு வழியும் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. "காளை, கேட்ட விதம் சரியில்லைன்னு நெனைக்கிறேன். இன்னொருக்காக் கேளுப்பா," என்றார் பாய். காளை தயங்கி, வீரணனைப் பார்த்து, மறுபடி பொட்டலம் போட்டார். அதுவும் சிவப்பு. பாய் கும்பிடுகிற மாதிரி கையைக் குவித்து, இன்னும் ஒரே ஒரு தடவை என்றார். மூன்றாவது பூ வெள்ளையாக வந்தது. குலவைச் சத்தம் காட்டைத் தூக்கியது. காளைக்குக் கண்ணில் தண்ணீர். நானும்தான் கைதட்டினேன், பொய் சொல்வானேன்.

ஏலத்துக்குள் கட்டியாக வேண்டும். நாலு தூண், மேலே ஆஸ்பெஸ்டாஸ், கல்லுக்கு முன்னால் ஒரு திண்டு. ஷீட் வெட்டுவது, பட்டறை வேலை எல்லாம் பாய் கையால்தான். கூரைக்கு இடைஞ்சலாக உசிலை மரத்தின் பெரிய கொப்பு ஒன்று குறுக்கே இருந்தது. அந்தக் காட்டில் முதல் வெட்டு அதில்தான் விழுந்தது. அதுக்கும் பூக் கேட்டார்கள். சிவப்பு வந்தது, திரும்பக் கேட்டார்கள், வெள்ளை வந்தது.

பெரிய அதிகாரி நேரில் வந்தார். ஜீப்பை விட்டு இறங்கி, ஆஸ்பெஸ்டாஸைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோயில் நிலம் என்று எழுதிவிட்டுப் போனார். மில்லுக்காரருக்குப் பக்கத்துப் பொட்டலைக் கொடுத்தார்கள். நாங்கள் ஜெயித்துவிட்டோம். திருநகரில் தெருவுக்கே பாயசம் காய்ச்சினேன். பாய் மூன்று டம்ளர் குடித்துவிட்டு, தேவாங்குக்குப் பங்கு உண்டா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு வாய் கசக்கிறது. யாரும் காட்டை அழிக்க வரவில்லை. கும்பிடத்தான் வந்தார்கள். சர்க்காரையே விரட்டின சாமி என்று பேர் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையானால் வண்டி வண்டியாக ஜனம். வண்டி நிறுத்த இடம் வேண்டும். பொங்கல் வைக்க இடம் வேண்டும். கிடா வெட்டிச் சமைக்கக் கொட்டகை வேண்டும். இடம் வேண்டுமென்றால் மரம் போக வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் முறையாகப் பூக் கேட்டார்கள். சிவப்பு வந்தால் மறுபடி கேட்டார்கள். மூன்று தடவை வரைக்கும் கேட்கலாம் என்பது அந்த ஊரில் இப்போது வழக்கமாகிவிட்டது. எத்தனை தலைமுறையாக ஒரு சுள்ளியை எடுக்காத ஜனம், லாரியில் கட்டை ஏற்றி அனுப்பியது. எல்லாம் சாமி உத்தரவு, யார் மனசிலும் ஒரு உறுத்தல் இல்லை.

மில்லுக்காரரும் பக்தராகிவிட்டார். ஷெட் கட்டக் கொடுக்காத இடத்தில் கல்யாண மண்டபமே கட்டிக்கொடுத்தார். கோபுரமும் அவர் உபயம். இலை உதிர்ந்து தரை குப்பையாகிறது, பறவை எச்சமிடுகிறது, வேர் சுவரைப் பிளக்கிறது என்று மிச்ச மரங்களுக்கும் ஒவ்வொரு குற்றம் கண்டுபிடித்தார்கள். ஊருணியைத் தூர்த்துச் சிமென்ட் போட்டார்கள். டியூப்லைட்டில் இரவும் பகலும் ஒன்றானது.

பாய் சும்மா இருக்கவில்லை. போய்ப் போய்ச் சண்டை போட்டார். வெளியூர்ப் பயல் ஒருத்தன், கோயில் விஷயத்தில் துலுக்கனுக்கு என்ன பேச்சு என்று எகிறியிருக்கிறான். வீரணன் அவனை அறைந்து, பாய் காலில் விழவைத்திருக்கிறார். அவ்வளவு மரியாதை. ஆனால் பாய் சொன்னதை மட்டும் யாரும் கேட்கவில்லை. "பாய், சாமி உத்தரவுக்கு மேல நாம சொல்ல என்ன இருக்கு? கூரைக்கு உத்தரவு வாங்குனதே நீங்க எடுத்த பூதான?" என்றிருக்கிறார் வீரணன். கிண்டலாகக்கூட இல்லை, நிஜமான அன்போடு.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, ஸ்டவ்வைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, தலையைத் தூக்காமல் பேசினார். "ரெண்டு தடவ நெசமாத்தான் எடுத்தேன், தங்கச்சி. ரெண்டு தடவயும் அது வேணாம்னுச்சு. மூணாவது தடவ தடவிப் பாத்துட்டேன். செவப்புப் பூவுக்குக் காம்பு கனம், இலைக்கு மேலயே தெரியும். கண்ணுக்குத் தெரியாத பின்ன விரல்ல தேடி எடுக்குறவனுக்கு இது தெரியாதா?"

காட்டைக் காப்பாற்றத்தானே செய்தீர்கள் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் பர்னரை ஊதினார். ஸ்டவ் நன்றாக எரிந்தது. அன்றைக்கு முகம் மலரவில்லை.

எண்பத்தைந்தில் கும்பாபிஷேகம். வீரணன் தாம்பாளத்தோடு காஜிமார் தெருவுக்கே போய் அழைத்திருக்கிறார், மறுக்க முடியவில்லை. நாங்களும் போனோம். காடு இருந்த இடம் எது என்று எனக்குத் திசையே தெரியவில்லை. உசிலை மரத்தை மட்டும் வைத்திருந்தார்கள், அதைச் சுற்றிலும் அடி வரைக்கும் சிமென்ட் மேடை கட்டி. அது காய்ந்து நின்றது. பாயைக் கூப்பிட்டு, மில்லுக்காரருக்குக் கட்டினது போலவே அவருக்கும் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டி மேடையில் நிறுத்தினார்கள். மைக்கில் அவர் பேரைச் சொன்னதும் ஜனம் கைதட்டியது. அவர் கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்தபடி நின்றார்.

திரும்பி வரும் வழியில், கடை வரிசையில் ஒருத்தன் கறுப்புக் கயிறு விற்றுக்கொண்டிருந்தான். குழந்தைகளுக்குப் பயம் தெளியக் கட்டுகிற கயிறு. ஒவ்வொரு கயிற்றையும் ஒரு தேவாங்கின் கையில் தொடவைத்துக் கொடுத்தான். அதன் இடுப்பில் சணலைக் கட்டி, ஆணியில் முடிந்திருந்தான். நட்டநடு வெயிலில் அது கண்ணை மூடிக்கொண்டு நடுங்கியது. எங்கே பிடித்தாய் என்று பாய் கேட்டார். "இங்கதாம்ண்ணே. மண்டபத்துக்கு மரத்தச் சாய்ச்சப்ப விழுந்துச்சு. இது ஒண்ணுதான் உசுரோட கெடந்துச்சு," என்றான்.

பாய் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். தலையில் இருந்த பரிவட்டத்தை அவிழ்த்து, அதில் தேவாங்கைச் சுற்றிக் காக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சுற்றிப் பார்த்தார். மில் புகைபோக்கி, ரோடு, பொட்டல். அதை ஏற்றிவிட ஒரு மரம் இல்லை.

வீட்டுக்குத்தான் கொண்டுபோனார். நஜ்முன்னிசா மாடி அறைச் சன்னலுக்குச் சேலையைக் கட்டி இருட்டாக்கினாள். வாழைப்பழம் கொடுத்தார்கள், தொடவில்லை. பாய் தொழிலுக்குப் போகிற இடத்திலெல்லாம் வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டு வந்தார். ஒன்றிரண்டு தின்றது. அந்த மாதம் முடிவதற்குள் செத்துப்போனது.

அதை அதன் இடத்திலேயே புதைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மறுபடி பட்டில் சுற்றிக்கொண்டு நெடுங்கல்பட்டி போயிருக்கிறார். வீரணனும் காளையும் எழுந்து வந்து வரவேற்று, நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சலவைக்கல் அன்றுதான் பதித்து முடிந்திருந்தது. கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். பாய் பையைத் திறந்து, உசிலை மரத்து மூட்டில் ஒரு சாண் மண் போதும் என்று கேட்டிருக்கிறார். செத்ததைக் கோயிலுக்குள் புதைப்பதா என்று அவர்கள் முகம் மாறியிருக்கிறது. ஆனாலும் கேட்டது பாய். முடியாது என்று வாயால் சொல்ல மனசு வரவில்லை. பூக் கேட்டுவிடுவோம் என்றார்களாம்.

அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சைக்கிளை நிறுத்தி, மண்வெட்டி இருக்கா என்று மட்டும் கேட்டார். எங்கள் வீட்டுப் பின்புறத்து முருங்கை மரத்தடியில் குழி வெட்டினார். என் வீட்டுக்காரர் உதவிக்குப் போனார், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். பட்டோடு உள்ளே வைத்து, மண்ணைத் தள்ளி, காலால் மிதிக்காமல் கையாலேயே தட்டிச் சமன் செய்தார். நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் ஊற்றினேன். என்ன பாய் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"செவப்பு வந்துச்சு," என்றார். தண்ணீர் தீர்ந்த பிறகும் கையைக் கழுவுகிற மாதிரியே தேய்த்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு தடவதான் கேட்டாங்க, தங்கச்சி."